ஒன்பதாவது கை

திருவேட்டமங்கலத்தில் மேலத்தெருக்காரர்களின் முதுகில் கைகள் வெளியே தெரிய ஆரம்பித்தது ஓர் ஆவணி மாதத்துப் புதன்கிழமை. அன்றைக்கு வானம் இருளவில்லை, நாய்கள் ஊளையிடவில்லை, பால்காரர் வழக்கம்போல மணியடித்துக்கொண்டு போனார், குளிக்கப் போன ஆண்கள் சட்டையைக் கழற்றினார்கள், தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பெண்கள் முதுகு தேய்க்கக் கையைப் பின்னால் கொண்டுபோனார்கள், அங்கே ஏற்கெனவே கைகள் இருந்தன, அவ்வளவுதான். முழங்கைவரை தெளிவாகவும் அதற்கு அப்பால் ஆவியாகவும் இருந்த அந்தக் கைகள், ஊஞ்சலில் உட்கார்ந்த பிள்ளையைத் தள்ளுகிற மாதிரி, உள்ளங்கையை முதுகில் பதித்து மேலும் முன்னும் தள்ளிக்கொண்டிருந்தன. வக்கீலுக்கு ஐந்து கைகள், டாக்டருக்கு ஆறு, பிறந்து நாற்பது நாள் ஆன குழந்தைக்குக்கூடத் தொட்டில் துணிக்குள் மோதிரம் போட்ட இரண்டு கைகள்.

யாருடைய கைகள் என்பதில் யாருக்கும் குழப்பம் வரவில்லை. தாத்தாவின் கை, தாய்மாமன் கை, காலேஜில் இடம் வாங்கிக் கொடுத்த பெரியப்பாவின் கடிகாரக் கை, நேர்முகத் தேர்வுக்கு முதல்நாள் போனில் பேசிய சம்பந்தியின் கை, நிலப் பட்டாவை இறுக்கிப் பிடித்தே நகம் வளைந்துபோன பூட்டனின் கை. ஊருக்குக் கிழக்கே ரயில்வே கேட்டைத் தாண்டியிருந்த காலனியிலும் அன்று காலை ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேர்க்குரு இருந்தது, வெயிலில் கறுத்த தோல் இருந்தது, கை ஒன்றும் இல்லை.

முதல் பிரச்சினை சட்டைதான். ஊரின் பெரிய தையல்காரர் இரண்டு சட்டைகளைப் பாழாக்கிவிட்டுக் கையை விரித்தார். காலனியின் முகப்பில் கடை வைத்திருந்த அஞ்சலைக்கு அதுவரை மேலத்தெருவிலிருந்து வந்ததெல்லாம் உள்பாவாடையும் சேலைக்கு ஃபால் அடிக்கிற வேலையும் மட்டும்தான். அவள்தான் முதுகுத் துணியைப் பிறைபிறையாக வெட்டி, மேலே மடிப்பு வைத்து, தோளில் பொத்தான் போட்டு, கைக்கு ஒரு வாசல் என்று தைக்கிற வழியைக் கண்டுபிடித்தாள். அவள் அதிகம் பேசாதவள் என்பதும் மேலத்தெருவுக்கு வசதியாக இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் பின்கட்டு வழியாகக் கூட்டிப்போனார்கள், முதுகைக் காட்டினார்கள், கடைசியில் எல்லோருமே ஒரே மாதிரி சொன்னார்கள்: "இடுப்புக்கிட்ட வெட்ட வேணாம். அங்க ஒண்ணுமில்ல." அவள் இஞ்ச் டேப்பைச் சுருட்டிக்கொண்டு சரி என்று வந்துவிடுவாள்.

முதல் வாரம் மேலத்தெரு வெட்கப்பட்டது. ஆவணிப் புழுக்கத்தில் சால்வை போர்த்திக்கொண்டு சுவரோரமாக நடந்தது. இரண்டாவது வாரம் கோயில் மண்டபத்தில் சொற்பொழிவுக்கு வந்தவர், அவருக்கு நான்கு, "கடவுளுக்கு நாலு கை இருக்கலாம், நமக்கு இருக்கக் கூடாதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார், வெட்கம் போய்விட்டது. மூன்றாவது வாரம் கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தின் மூலையில் கைகளின் எண்ணிக்கையை எழுத ஆரம்பித்தார்கள். நான்காவது வாரம் பெருமையும் போதாமல் போய், அவர்கள் துன்பப்பட ஆரம்பித்தார்கள். சாய்ந்து உட்கார முடியவில்லை, மல்லாந்து படுக்க முடியவில்லை, இத்தனை கைகளையும் சுமந்துகொண்டு இவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறோமே, இதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லி அழுதார்கள். பல்கரத்தார் நலச் சங்கம் என்று ஒன்று உண்டாயிற்று. பஸ்ஸில் இரட்டை இருக்கை வேண்டும், வேலைக்கான தேர்வில் ஒரு கையின் பாரத்துக்கு ஈடாக இரண்டு மதிப்பெண் வேண்டும் என்று சங்கம் மனுக் கொடுத்தது. மனுவை வாங்கிய அதிகாரி கோட்டின் முதுகில் ஐந்து வாசல் வைத்திருந்தவர். கண் கலங்கி அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

இவ்வளவுக்கும் நடுவில் மேலத்தெருவுக்குத் தீராத ஒரு சந்தேகம் இருந்தது. காலனிக்காரர்களின் முதுகில் அரசாங்கத்தின் கை ஒன்று இருந்தே தீர வேண்டும், அதுவும் மற்ற எல்லாக் கைகளையும்விடப் பெரியதாக இருக்க வேண்டும் என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். சங்கத்திலிருந்து ஐந்து பேர் வந்து, காலனி ஆண்களை வரிசையாக நிறுத்தி, சட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள். பெண்களைப் பார்க்க ஒரு நர்ஸம்மாவைக் கூட்டி வந்தார்கள். நூற்று எழுபது முதுகுகளைப் பார்த்த பிறகு, அஞ்சலையின் மகள் சங்கமித்திரையின் முதுகில், வலது தோள்பட்டைக்குக் கீழே, ஒரு சுண்டுவிரல் இருப்பது தெரிந்தது. மையில் தோய்ந்த விரல், நுனி மட்டும் தோலில் பட்டும் படாமலும் இருந்தது.

"பாத்தீங்களா!" என்றார்கள் மேலத்தெருவில். அடுத்த மூன்று மாதம் டீக்கடையில், சலூனில், கல்யாணப் பந்தியில், அந்தச் சுண்டுவிரலைத் தவிர வேறு பேச்சே இல்லை. அந்த விரலால் நாடு எப்படிக் கெட்டுப்போயிற்று என்று ஏழு கைக்காரர் ஒருவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்.

சங்கமித்திரை கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்தவள், பல்கலைக்கழகத்தில் முதல் இடம், பி.எட். வேறு. ஊர் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இடம் மூன்று வருடமாகக் காலியாக இருந்தது. அந்த மூன்று வருடமும் தற்காலிகம் என்ற பெயரில் அவள்தான் அந்த வகுப்புகளை எடுத்தாள். இடம் ஏன் காலியாக இருந்ததென்றால், பள்ளியின் தாளாளர் தெய்வசிகாமணியின் மகன் அருண்பிரகாஷ் இன்னும் பி.எட். முடிக்கவில்லை. கார்த்திகையில் அவன் ஒருவழியாக முடித்தான். உடனே நேர்முகத் தேர்வு அறிவிப்பு வந்தது. தை மாதம் பள்ளியின் பொன்விழா, அன்று காலையிலேயே தேர்வு, விழா மேடையில் முடிவு.

பொன்விழாவுக்குப் பட்டுச் சட்டை தைக்கத் தெய்வசிகாமணி அஞ்சலையைக் கூப்பிட்டனுப்பினார். எட்டுக் கைக்காரர், ஊரிலேயே அதிகம். பின்கட்டில், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அஞ்சலை மேலிருந்து ஒவ்வொரு கையாக அளந்துகொண்டு வந்தாள். எட்டும் மெத்துமெத்தென்று இருந்தன. முதுகைத் தள்ளுகின்றன என்று சொல்வதைவிட முதுகில் ஓய்வெடுக்கின்றன என்று சொல்லலாம், ஒரு கை சும்மா தாளம்கூடப் போட்டுக்கொண்டிருந்தது. கீழே, இடுப்பில் அவர் ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். டேப் அதில் பட்டதும் துண்டு அசைந்தது.

"இங்க ஒண்ணு இருக்குங்களேய்யா."

"அத விடு. எட்டுதான். மேல துணி விழுந்து மறைக்கிற மாதிரி தைச்சிடு."

"அளக்காம விட்டா சட்டை தூக்கிக்கிட்டு நிக்குங்க."

சட்டை தூக்கிக்கொண்டு நிற்பதை அவரால் தாங்க முடியாது. துண்டை அவிழ்த்தார்.

கறுத்து மெலிந்த கை. அரிவாள் பட்டு உள்பக்கமாக வளைந்துபோன சுண்டுவிரல், மணிக்கட்டில் பச்சை குத்திய தேள், நக இடுக்கில் நாற்றங்கால் சேறு. நரம்பு புடைக்க, மூச்சு வாங்குவதுபோலத் துடித்துக்கொண்டு, அந்தக் கை ஒன்றுதான் அவரை நிஜமாகவே தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தது.

அஞ்சலை டேப்பைக் கீழே விட்டாள். அவளுடைய அம்மா குப்பம்மாள் இந்த வீட்டின் வயலிலும் கொட்டகையிலும் நாற்பத்திரண்டு வருடம் உழைத்து, ஆறு வருடத்துக்கு முன்னால் இதே கொட்டகை வாசலில் சாணி அள்ளும்போது விழுந்து செத்துப்போனவள். அந்தக் கை அஞ்சலையின் தலையில் ஒருநாள்கூட நிதானமாக எண்ணெய் வைத்ததில்லை. அதற்கு நேரம் இருந்ததில்லை.

"ஐயா, இது எங்கம்மா கை."

"தெரியும்." சுவரைப் பார்த்தே சொன்னார். "நான் நடை பழகினதே அதைப் பிடிச்சுத்தான். அதையெல்லாம் வெளிய சொல்லிக்கிட்டா இருக்க முடியும்?"

"செத்து ஆறு வருசமாச்சு. இன்னமுமா வேலை வாங்குறீங்க?"

"நானா வாங்குறேன்? அதுவாத்தானே தள்ளுது. எம் முதுகுல இருக்குறது எனக்குச் சொந்தந்தானே?" பிறகு இன்னும் தணிவாகச் சொன்னார்: "உம் பொண்ணு தேர்வுக்கு வருதில்ல? நான்தான் தலைவர். பார்த்துத் தை."

அஞ்சலை வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பட்டுத் துணியைத் தொடவில்லை. மூன்றாம் நாள்தான் மகளிடம் நடந்ததைச் சொன்னாள். சங்கமித்திரை கேட்டாள். "எட்டாம்மா? ஒன்பதா?"

"அளவு எடுத்தா அளவுக்குத்தான் தைப்பேன்" என்றாள் அஞ்சலை. ஒன்பதாவது வாசலையும் வெட்டி, காஜா எடுத்து, ஓரத்தை மடித்து, மூடியிருக்கும்போது கண்ணுக்கே தெரியாதபடி மேலே ஒரு மடிப்பு வைத்தாள். கை பலமாகத் தள்ளினால் மட்டும் திறக்கும். தெய்வசிகாமணி சட்டையைப் போட்டுக் கண்ணாடியில் முன்பக்கம் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். பின்பக்கம் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

பொன்விழாக் காலையில் தேர்வு நடந்தது. அருண்பிரகாஷை உட்காரச் சொல்லி ஒரு கேள்வி கேட்டார்கள்: "அப்பா கிளம்பிட்டாரா தம்பி?" சங்கமித்திரையை உட்காரச் சொல்லவில்லை. அவளிடம் நாற்பது கேள்விகள் கேட்டார்கள். தேற்றம் கேட்டார்கள், நிரூபணம் கேட்டார்கள், நிரூபணத்துக்கு இன்னொரு நிரூபணம் கேட்டார்கள். நாற்பதுக்கும் சொன்னாள். கேட்டவர்களில் ஒருவர் பழைய கணக்கு வாத்தியார். நாற்பதாவது பதிலில் தன்னை மறந்து "சபாஷ்" என்றுவிட்டு, தாளாளரின் முகத்தைப் பார்த்ததும் இருமினார்.

"திரும்பி நில்லும்மா" என்றார் தெய்வசிகாமணி. அவள் திரும்பினாள். "சுண்டுவிரல் ஒண்ணு. சலுகை. எம் பையன் ஆறு கை பாரத்தைச் சுமந்துக்கிட்டு இந்த வயசுல இவ்வளவு தூரம் வந்திருக்கான். ஆறு ரெண்டு பன்னெண்டு மார்க்கு. சரி, நீ போகலாம்."

விழாப் பந்தலில் மேலத்தெரு முன்னால் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது. காலனிக்கு எப்போதும்போல மேடைக்குப் பின்னால், சமையல் அடுப்புகளுக்கும் மதில் சுவருக்கும் நடுவில் இடம் விட்டிருந்தார்கள். முன்னால் இருந்தவர்களுக்கு முகங்கள் தெரிந்தன. பின்னால் இருந்தவர்களுக்கு முதுகுகள்.

தெய்வசிகாமணி அருண்பிரகாஷின் பெயரை அறிவித்தார், நியமன உத்தரவைக் கொடுத்தார், கைதட்டல் அடங்கியதும் தகுதியைப் பற்றிப் பேசினார். "இந்தக் காலத்துல எல்லாரும் கைதூக்கி விட ஆள் தேடுறாங்க. என்னை யாரும் கைதூக்கி விடல. நானா நின்னேன், நானா நடந்தேன்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார். அவர் நிமிர வேண்டுமென்றால் கீழேயிருந்து ஒரு கை கூடுதலாகத் தள்ள வேண்டும், தள்ளியது, பட்டு மடிப்பு விலகியது.

அடுப்படியில் நின்ற காலனிக்காரி பொன்னுரங்கம்தான் முதலில் பார்த்தாள். "ஏ அஞ்சல, அது உங்கம்மா கை இல்ல? அந்தத் தேள்?"

அஞ்சலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேடையின் பின்படியில் ஏறினாள். யாரும் தடுக்கவில்லை, காபி கொண்டுவருகிறாள் என்று நினைத்தார்கள். அவர் பின்னால் போய் நின்று, அந்தக் கையின் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்தாள். மைக் அவள் சொன்னதையும் வாங்கிக்கொண்டது.

"போதும்மா. வேலை முடிஞ்சிடுச்சி. வீட்டுக்கு வா."

கை முதலில் நம்பவில்லை. இன்னும் ஒரு தடவை தள்ளிப் பார்த்தது. பிறகு ஒவ்வொரு விரலாகப் பட்டிலிருந்து விடுபட்டது, சுண்டுவிரல் கடைசியாக. தெய்வசிகாமணி பேச்சின் நடுவிலேயே, ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே, கயிறு அறுந்த மூட்டையாகக் குப்புற விழுந்தார். மற்ற எட்டுக் கைகளும் மோதிரங்கள் இடிபட ஒன்றையொன்று தடவிக்கொண்டன. எதையும் தூக்கிப் பழகாத கைகள், அவற்றால் அவருடைய காலரைக்கூடத் தூக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு காலனி யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பின்னாலிருந்து முன்னால் வந்தார்கள். ஒவ்வொரு நாற்காலியாக நின்று, சட்டையின் கீழ்ப்பக்கத்தை விலக்கிப் பார்த்தார்கள். "இது எங்கப்பன் கை, சூளையில வெந்தது." "இது எங்க பெரியாயி, மல வாளி தூக்கின கை." "இது எங்கண்ணன், உங்க கிணறு வெட்டுறப்ப விரல் போச்சே, அவன்." பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட அந்தக் கைகள் விட்டுவிட்டு வந்தன. பந்திக்கு இலை போடுவதற்குள் மேலத்தெரு முழுவதும் தரையில் கிடந்தது.

அஞ்சலை அந்தக் கையைத் துணி வெட்டும் மேஜையில் பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தாள். மூன்று நாள் அது சும்மா இருக்கவில்லை. துடைப்பத்தைத் தேடியது, அரிவாளைத் தேடியது, மேஜை விளிம்பில் நாற்று நடுவதுபோலக் குத்திக் குத்திப் பார்த்தது. "இரும்மா, ஒண்ணும் செய்ய வேணாம்" என்று அவள் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். காலனி இளைஞர்கள் அதை ஊர்வலமாகக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். "அதுக்கும் இனிமே வேலை கொடுக்கப் பாக்குறீங்களா?" என்று அவள் கேட்டதும் போய்விட்டார்கள். நான்காம் நாள் கை உள்ளங்கையை மேலே திருப்பிப் படுத்தது. நகச் சேற்றை எடுத்து, நல்லெண்ணெய் காய்ச்சித் தடவினாள். ஏழாம் நாள் மதியம், அவள் தடவிக்கொண்டிருக்கும்போதே, அது இல்லாமல் போயிற்று; எண்ணெய்ச் சூடு மட்டும் அவள் விரல்களில் இருந்தது. அன்றைக்குத்தான் அஞ்சலை அழுதாள்.

மேலத்தெரு இதையும் ஜீரணித்துக்கொண்டது. அதற்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. குப்புறப் படுத்திருப்பதுதான் மேன்மக்களின் வழக்கம், நிற்பதும் நடப்பதும் உழைக்கிறவர்களின் காரியம் என்று அதே சொற்பொழிவாளர் படுத்துக்கொண்டே பேசினார். முதுகின் மேல் மோதிரக் கைகள் காற்றில் சும்மா ஆடிக்கொண்டிருக்க, அவர்கள் சக்கரம் வைத்த பலகைகளில் கல்யாணங்களுக்குப் போனார்கள். பலகையைத் தள்ளக் காலனியில் ஆள் கேட்டார்கள். யாரும் வரவில்லை, ஆகவே காலனிக்காரர்களுக்கு நன்றியில்லை என்று தீர்மானம் போட்டார்கள். பள்ளியில் கரும்பலகையைக் கழற்றித் தரையில் போட்டார்கள். அருண்பிரகாஷ் நியமன உத்தரவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கரும்பலகைமேல் கவிழ்ந்து கிடந்தான். சங்கமித்திரையைத் தற்காலிக வேலையிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். கடிதத்தில் காரணம் எழுதியிருந்தது: நிற்கும் வழக்கமுடையவர்.

அவள் அஞ்சலையின் கடையில், துணி வெட்டும் மேஜையைச் சுவரில் சாய்த்து அதன்மேல் சாக்பீஸால் எழுதி, பாடம் நடத்தினாள். காலனிப் பிள்ளைகள் வந்தார்கள். பரீட்சை நெருங்கினபோது மேலத்தெருப் பிள்ளைகளும் வந்தார்கள்.

பங்குனியில் ஒரு காலை அருண்பிரகாஷ் வந்தான். நடந்து வந்தான். பத்து நிமிட வழிக்கு அவனுக்கு நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. முழங்கால் இரண்டும் உரிந்து, உதடு கிழிந்து, சட்டையெல்லாம் மண். மேலத்தெருவில் அவன் எழுந்து நின்றதைப் பார்த்து அவனுடைய அம்மா கத்தி அழுதாளாம். கடை வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டீச்சர், அந்த நாற்பது கேள்வியையும் என்கிட்டக் கேளுங்க."

சங்கமித்திரை பிள்ளைகளை ஒரு பயிற்சியைப் போடச் சொல்லிவிட்டு, முதல் கேள்வியிலிருந்து கேட்டாள். அவன் யோசித்தான், வேர்த்தான், சிலவற்றுக்குப் பாதி சொல்லி நிறுத்தினான். நாற்பதும் முடிந்தது.

"எத்தனை?" என்றான்.

"மூணு."

"மூணா?"

"மூணுதான்."

அவன் சட்டைப்பையிலிருந்து நியமன உத்தரவை எடுத்து நீட்டினான். வேர்வையில் மை கலைந்திருந்தது. "இத நீங்களே வச்சுக்குங்க."

"இதுல உங்க பேருதான் இருக்கு. உங்கப்பாகிட்டக் கொண்டு போங்க. உங்களுக்கு மூணு, எனக்கு நாப்பதுன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. வேலைக்கு நான் வர்றேன்."

"அப்பா எழுத மாட்டாரு."

"தெரியும்."

அவன் உத்தரவை மடித்து உள்ளே வைத்தான். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அஞ்சலையைப் பார்த்துக் கையை நீட்டினான். "ரயில்வே கேட்டு வரைக்கும் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு வர்றீங்களா?"

அஞ்சலை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "வழியெல்லாம் சுவரு இருக்குங்க தம்பி. பிடிச்சுக்கிட்டுப் போங்க."

அவன் போனான். காலனியின் பூசாத செங்கல் சுவர்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு, வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ரயில்வே கேட் வரைக்கும் போனான். அங்கேயிருந்து மேலத்தெரு தொடங்கும்வரை முந்நூறு அடிக்கு இரண்டு பக்கமும் வெறும் பொட்டல், சுவரே கிடையாது. கேட் கம்பியைப் பிடித்தபடி அவன் நெடுநேரம் நின்றான். யாரும் போகவில்லை. அவன் முதுகில் ஆறு மோதிரக் கைகளும் வெயிலில் மின்னிக்கொண்டு தொங்கின. பிறகு கம்பியை விட்டுவிட்டு, ஒரு காலைத் தூக்கி முன்னால் வைத்தான்.